தொண்ணூறாம் நாள் அடக்கம்

வக்கீல் கார்ல்டன் ஃபிட்ச் எங்கள் தீவுக்கு வந்த அன்று அவர் வயிற்றில் இருந்ததெல்லாம் வளைகுடாவுக்குப் போய்விட்டது. தலையில் இருந்தது மட்டும் சேதாரமில்லாமல் கரை சேர்ந்தது. தபால் படகிலிருந்து இறங்குவதற்காகக் கேப்டன் ஆஷ்பி கையை நீட்டினான். வக்கீல் அந்தக் கையைக் குலுக்கி, "உங்களைச் சந்திச்சதில மகிழ்ச்சி" என்றார். அது பிடித்து இறங்க நீட்டிய கை என்று அவருக்கு உறைப்பதற்குள் ஒரு கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் நின்றது.

துறையில் காத்திருந்த லெவின் டைஸ் அவரைத் தூக்கி நிறுத்தினான். லெவினுக்கு அறுபத்திரண்டு வயது. துறையின் கோடியில், மரக்கால்களின் மேல் பாதி தண்ணீரில் நிற்கிற நண்டுக்கூடம் அவனுடையது. 'டைஸ் அண்ட் சன்ஸ்' என்று பலகை. சன்ஸ் யாரும் கிடையாது. பலகை எழுதினவன் வழக்கமாக எழுதுகிறதை எழுதிவிட்டான். லெவினுக்கும் அழிக்க மனம் வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டரசு வரித்துறையிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. உன் கூடத்தில் நண்டுச் சதை எடுக்கிற பெண்கள் உன் வேலையாட்கள். அவர்கள் பெயரில் பிடிக்க வேண்டிய வரியையும், முதியோர் பென்ஷனுக்கு நீ போட வேண்டிய பாதியையும் மூன்று வருஷமாக நீ கட்டவில்லை. வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டு. ஆட்சேபணை இருந்தால் தொண்ணூறு நாளுக்குள் வரி நீதிமன்றத்துக்கு மனுப் போடு. லெவின் மனுப் போட்டான். உறையின் மேல் தொண்ணூற்றொன்றாம் நாள் முத்திரை விழுந்திருந்தது. வரி நீதிமன்றம் உறையைப் பார்த்தது, உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. தள்ளுபடி.

இப்போது மேல்முறையீடு. ஜெயித்தால் அந்தப் பெண்கள் வேலையாட்களா இல்லையா என்று விசாரணை நடக்கும். தோற்றால் வரித்துறை சொன்னதுதான் கணக்கு. கூடம், நண்டு அவிக்கிற கொப்பரை, படகு எல்லாம் போகும். இந்த வழக்கைக் காசு வாங்காமல் நடத்த பால்டிமோரிலிருந்து ஃபிட்ச் தாமாகவே முன்வந்தார். காசு வேண்டாமென்கிற வக்கீலுக்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்ன என்பதுதான் தெரியவில்லை.

"மிஸ்டர் டைஸ், உங்க வழக்கு ஒரு ரத்தினம்," என்றார் அவர், லெவினின் சமையலறையில் ஈரக்காலை அடுப்பை நோக்கி நீட்டிக்கொண்டு. "நியாயமான காரணம் இருந்தா தொண்ணூறு நாள் கெடு நீளுமா? மேல்முறையீட்டு மன்றம் இதுவரை வாய் திறக்கல. நாம திறக்க வைக்கப் போறோம். சட்டக்கல்லூரில பிள்ளைங்க உங்க பேரைப் படிக்கும்."

"எங்களுக்கு அது நெஞ்சில கல்லாத்தான் கிடக்கு சார்," என்றாள் லெவினின் மனைவி லூ. அவர் முன்னால் பத்தடுக்குக் கேக்கில் ஒரு துண்டை வைத்தாள். காலியான வயிறு அதை மறுக்கவில்லை.

"அந்த நாளை உங்க வாயால சொல்லுங்க. காகிதத்தில படிச்சேன், ஆனா மணம் வரல."

லெவின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "செவ்வாக்கிழமை சார். காலையில ஆறரைக்கு உறையை ஆஷ்பி கையில கொடுத்தேன். ஆஷ்பி இவ தம்பி. எப்பவும் ஏழரைக்குப் படகு போகும். ஒம்பதுக்குள்ள கரையில தபாலாபீஸ். முத்திரை விழுந்திரும்."

"உங்க தீவிலேயே தபாலாபீஸ் இல்லையா?"

"மூடிப் பதினோரு வருஷமாச்சு. ஆளில்லைன்னு மூடினாங்க."

"ஆளில்லைன்னு இல்ல," என்றாள் லூ. "இருந்த ஆளுங்க கடிதம் எழுதலைன்னு."

"ஆனா அன்னிக்குப் படகு போகல," என்றார் வக்கீல்.

"அன்னிக்குத்தான் எங்க கூடத்து ஒடெசாவை அடக்கம் பண்ணினோம். பத்து மணிக்கு அதை முடிச்சிட்டுப் படகு போறதாப் பேச்சு. கொண்டல் காத்து விடல," என்றான் லெவின்.

வக்கீலின் பேனா நின்றது. "அடக்கத்துக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த ஊர்ல ரெண்டடி தோண்டினா தண்ணி சார்," என்றாள் லூ. "கடல் தண்ணி வடியற வற்றத்துலதான் குழி வெட்டணும், வற்றத்துலதான் பெட்டியை இறக்கணும். கொண்டல் அடிச்சா தண்ணி உள்ளேயே நிக்கும், வற்றாது. அவசரப்பட்டு இறக்கினா பெட்டி மிதக்கும்."

"மிதக்குமா!"

"என் மாமனார் மிதந்தாரு. ரெண்டு தடவை. உசிரோட இருக்கும்போதும் ஒரு எடத்துல நிக்க மாட்டாரு."

"அப்ப குழி மூடினது?"

"சாயங்காலம் அஞ்சரை. அதுக்குள்ள கரையில தபாலாபீஸ் மூடியாச்சு," என்றான் லெவின். "அடக்கத்தன்னிக்குக் குழி மூடற வரைக்கும் ஊர்ல யாரும் எஞ்சின் முடுக்க மாட்டாங்க."

"சட்டமா?"

"இல்ல."

"சர்ச்சு விதியா?"

"இல்ல சார். முடுக்க மாட்டோம். அவ்வளவுதான்."

"யாராவது முடுக்கிட்டா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. "முடுக்கினதில்லையே சார்," என்றான் லெவின்.

வக்கீல் இந்த வரியை இரண்டு முறை எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குத்தான் கடைசி நாள்னு துக்கத்தில உங்களுக்கு மறந்து போயிருக்கும், இல்லையா?" என்றார்.

"மறக்கல சார். பெட்டியைத் தோள்ல வச்சு நடக்கையிலயும் அதே நெனைப்புத்தான். ஆனா உறைதான் படகுல இருக்கே. ஆஷ்பி கையில கொடுத்தா போட்டாச்சுன்னு அர்த்தம். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். அவன் கையில கொடுத்த எதுவும் போகாம இருந்ததில்ல. முத்திரைக்குன்னு தனியா ஒரு நாள் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"தொண்ணூறு நாள் இருக்க, கடைசி நாள் வரைக்கும் ஏன் வச்சிருந்தீங்க?"

லெவின் தொப்பியின் விளிம்பைத் திருகினான். லூதான் சொன்னாள். "மனுவை ஒடெசாதான் எழுதிக்கிட்டிருந்தா சார். இவரு எழுத்து யாருக்கும் புரியாது. ஊர்ல யாருக்கு என்ன எழுதணும்னாலும் அவதான். படுக்கையில உக்காந்து எழுதினா. பதினோரு பக்கம். வெள்ளிக்கிழமை முடிச்சுக் கொடுத்தா. சனிக்கிழமை போயிட்டா. அந்தத் துக்கத்துல திங்கக்கிழமை ராத்திரிதான் இவரு உறையை ஒட்டினாரு."

"அவங்களும் கூடத்தில சதை எடுத்தவங்கதானே?"

"நாப்பத்தொரு வருஷம்."

அதாவது, நாங்கள் யாரும் லெவினின் வேலையாட்கள் இல்லை என்று பதினோரு பக்கம் எழுதி வைத்துவிட்டுச் செத்தவள் அவனிடம் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஒருத்தி. வக்கீல் ஏதோ சொல்லப்போகிறார் என்று லூ பார்த்தாள். அவர் கேக்கின் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனார்கள்.

ஏப்ரல் கடைசி. சீசனின் முதல் நண்டு வந்திருந்தது. விடிகாலையிலேயே அவித்து, ஆறவைத்து, சிவப்பு மலையாகத் தகரமேசையில் கொட்டியிருந்தார்கள். ஏழு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டை ஒரு நெம்பு, செவுளை ஒரு வழிப்பு, கத்திமுனையை உள்ளே விட்டு ஒரு திருப்பு. முதுகுச் சதை உடையாமல் முழுசாக வந்து டப்பாவில் விழும். கை ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் பாட்டில் இருந்தது. வக்கீல் நுழைந்ததும் பாட்டு நின்றது, கை நிற்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்தவள் ஒடெசாவின் தங்கை மிஸ் நெட்டி. அறுபத்தொன்பது வயது; மிஸ் என்பது மரியாதைக்கு. எங்கள் ஊரில் அவளை மிஸ் சேர்க்காமல் கூப்பிட்ட ஆள் கடவுள் ஒருவர்தான். அவரும் யோசித்துத்தான் கூப்பிட்டிருப்பார்.

"அம்மா, லெவின் உங்களுக்கு உத்தரவு போடுவாரா?" என்று கேட்டார் வக்கீல்.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி மடியில் இருந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

"லெவினா?" என்றாள் மிஸ் நெட்டி. "போன வாரம் கதவை மூடுங்க, ஈ வருதுன்னான். பாருங்க, தொறந்துதான் கிடக்கு."

"எப்ப வேலைக்கு வரணும்னு யார் சொல்றது?"

"நண்டு."

"கத்தி யாரோடது?"

"என்னோடது. எங்கம்மாவோடது."

"மேசை?"

"மேசை லெவினுது. நாற்காலி என்னுது. முதுகுவலியும் என்னுது."

"அற்புதம்! சுதந்திரமான கைத்தொழிலாளர்கள்!" என்று வக்கீல் சுற்றிலும் பார்த்தார். "ஆனா இந்த மேல்முறையீட்டில அதைப் பத்திப் பேச்சே வராது."

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

"ஆர்வம்தான்."

மிஸ் நெட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு காலு ஏன் ஈரமா இருக்கு உங்களுக்கு?"

போகுமுன் வக்கீல் கேட்டுக்கொண்டார்: ரிச்மண்டில் வாதம் நடக்கிற அன்று லெவினும் லூவும் மிஸ் நெட்டியும் வந்து உட்கார வேண்டும். நீதிபதிகள் மனித முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அங்க ஒடெசா பேரைச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள் மிஸ் நெட்டி.

"வழக்கே அவங்க அடக்கத்தைப் பத்தினதுதானே அம்மா. சொல்லாம எப்படி?"

"அப்ப வரேன்."

மே மாதம் இரண்டாவது வாரம் போனார்கள். ஆஷ்பி படகை ஓட்டினான். காற்றே இல்லை, தண்ணீர் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. பெண்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்துகொள்ள, லெவின் மச்சினன் பக்கத்தில் நின்றான்.

"மச்சான், நான் அன்னிக்குப் போயிருக்கலாம்," என்றான் ஆஷ்பி. இதை அவன் சொல்வது முதல் தடவை இல்லை. "காலையிலயே போயிட்டு அடக்கத்துக்குத் திரும்பியிருக்கலாம்."

"முந்தின சாயங்காலம் கரையிலிருந்து வந்த பெட்டி உன் படகுலதான் இருந்துச்சு."

"இறக்கி வச்சிட்டுப் போயிருக்கலாம்."

"எங்க? துறையிலயா? மீன்கூடைப் பக்கத்துலயா?"

"இல்ல, உன் படகை எடுத்துட்டு நீயாவது..."

"பெட்டிக்கு முன்பக்கம் யாரு புடிக்கிறது? நீயா? உன் இடுப்புக்கு?"

"என் இடுப்பைப் பத்திப் பேசாதே. வருஷம் முச்சூடும் உன் தபாலைச் சுமந்துதான் அது போச்சு."

"எனக்கு என்னடா தபாலு? வரிக்காரன் கடிதம் ஒண்ணு. அதையும் நீதான் கொண்டாந்து கொடுத்தே. அன்னிக்கு மட்டும் கரெக்டா கொண்டாந்தே பாரு."

ஆஷ்பி சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தான். எஞ்சினில் பார்க்க ஒன்றுமில்லை.

கரையிலிருந்து லாரியில் நாலு மணி நேரம். மிஸ் நெட்டி நடுவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் தெரிந்த சோளக்காட்டை எல்லாம் யாரும் கேட்காமலே குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேல்முறையீட்டு மன்றத்தில் உயரமான கூரை. சுவர் முழுக்க இறந்துபோன நீதிபதிகளின் படங்கள். அத்தனை பேரும் யாரோ தாமதமாக வந்ததைப் பார்த்த முகத்தோடு இருந்தார்கள். உயிரோடு இருந்த மூன்று பேர் மேலே வந்து உட்கார்ந்தார்கள். அரசுத் தரப்பில் சளி பிடித்த ஒரு சின்னப் பெண். ஃபிட்ச் புதுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். பிரபஞ்சத்தில் காலம் என்பது என்ன என்று தொடங்கினார். நடுவில் இருந்த நீதிபதி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"வக்கீல் அவர்களே, அன்னிக்குத் துறையில எத்தனை படகு இருந்தது?"

"நாற்பது இருக்கலாம், கனம் நீதிபதி அவர்களே."

"எல்லாத்திலயும் எஞ்சின் உண்டா?"

"உண்டு."

"மனுதாரருக்குச் சொந்தப் படகு?"

"உண்டு."

"கரைக்கு எவ்வளவு நேரம்?"

"ஐம்பது நிமிஷம்."

"அப்ப அவரைத் தடுத்தது எது?"

"ஊர் வழக்கம், கனம் நீதிபதி அவர்களே. பரம்பரை பரம்பரையாக..."

ஓரத்தில் இருந்த பெண் நீதிபதி கண்ணாடியை இறக்கினார். "வழக்கம் யாரையும் கட்டிப் போடாது. அவர் போயிருந்தா நாலு பேரு முகம் சுளிச்சிருப்பாங்க. அதுக்காக நாங்க சட்டத்தை நீட்ட முடியுமா? இறந்தவங்க அவருக்கு என்ன வேணும்? தாயாரா? கூடப் பிறந்தவங்களா?"

"இல்லை."

"ரத்த உறவு ஏதாவது?"

"இல்லை."

"அப்ப யாரோ ஒருத்தரோட அடக்கத்துக்காக..."

"யாரோ ஒருத்தரா!" ஃபிட்ச் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டார். இந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் காசு வாங்காமல் வந்தார் போலிருக்கிறது. "கனம் நீதிபதி அவர்களே, அந்த அம்மா நாற்பத்தொரு வருஷம் இவருக்காக உழைச்சவங்க! இவர் கூடத்தில, இவர் மேசையில, இவர் அவிச்சுப் போட்ட நண்டை எடுத்துக் கொடுத்து இவரை வாழ வச்சவங்க! அவ்வளவு காலம் தன்கிட்ட வேலை பார்த்தவளோட குழி தண்ணியில திறந்து கிடக்கும்போது, எந்த முதலாளி அவளை விட்டுட்டுத் தபாலாபீஸுக்குப் போவான்?"

கூரை அந்தக் கேள்வியைக் கொஞ்சநேரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

"முதலாளின்னா சொன்னீங்க?" என்றார் நடு நீதிபதி.

ஃபிட்ச் மேசையில் வைத்த காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். அரசுத் தரப்புப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் தாளில் ஒரே ஒரு வரி எழுதினாள். தன் முறை வந்தபோது அவள் நாலு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

லெவின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நாளை நியாயப்படுத்த ஒடெசா அவனுடைய வேலைக்காரியாக இருந்தாக வேண்டும். கூடத்தைக் காப்பாற்ற அவள் வேலைக்காரியாக இருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்ல முடியாது என்பது பால்டிமோரில் படித்தவருக்கு இப்போதுதான் தெரிந்தது. லெவினுக்கும் இப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவனுக்குத் தெரிந்தது வேறு. வக்கீல் கத்தியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

வாதம் முடிந்ததும் நீதிபதிகள் மூவரும் மேடையிலிருந்து இறங்கி வந்து இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் கை கொடுத்தார்கள். அது அந்த மன்றத்தின் வழக்கமாம். சட்டமா, விதியா, ஒருநாள் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. லெவின் மரியாதைக்கு எழுந்து நின்று கையைப் பாதி தூக்கினான். அவர்கள் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார்கள்.

வெளியே படிக்கட்டில் ஃபிட்ச் முகமெல்லாம் சிவந்து வந்தார். "நல்லாப் போச்சு! ரொம்ப நல்லாப் போச்சு! அந்த அம்மா கண்ணாடியை இறக்கினாங்களே, பார்த்தீங்களா?"

"சார், நீங்க அங்க சொன்னது..." என்றான் லெவின்.

"உணர்ச்சி, மிஸ்டர் டைஸ். உணர்ச்சி இல்லாம..."

"இல்ல சார். நான் முதலாளின்னீங்களே. நிஜமா?"

"அது வேற பிரச்சினை. அது இந்த மன்றத்தின் முன்னால இல்லை," என்றார் வக்கீல். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் பன்றிக்கறி ரொட்டி வாங்கினார்கள். மர பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். மிஸ் நெட்டி பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றினாள்.

"அந்தாள் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்க மிஸ் நெட்டி," என்றாள் லூ.

"ஏன்? நல்லாத்தானே சொன்னார். பேரைத்தான் சொல்லல. 'அந்த அம்மா'ன்னார். ஒடெசான்னு மூணு எழுத்து, வாய் வலிக்கவா போகுது?" காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள். "ஆனா வேலை பார்த்தான்னு சொன்னார். அவ்வளவு பெரிய எடத்துல. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல."

லெவின் ரொட்டியைக் கீழே வைத்தான். "மிஸ் நெட்டி, என்னிக்காவது நான் உங்களையோ ஒடெசாவையோ வேலைக்காரியா நடத்தியிருக்கேனா?"

"அதைத்தான் சொல்றேன் லெவின். நடத்தியிருந்தா பென்ஷன் வந்திருக்கும்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. லூ தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன ஆகஸ்ட்டுக்கு மொத ஆகஸ்ட்டுல அவ காலைப் பாத்தியா நீ? தூண் மாதிரி வீங்கி. செருப்பு நுழையாம என் மாப்பிள்ளை விட்டுட்டுப் போன பூட்ஸைப் போட்டுக்கிட்டு வருவா. எழுபத்தொரு வயசு. வீட்டுல கிடடின்னேன். கிடந்தா யாரு சோறு போடுவான்னு கேட்டா. பக்கத்து நாற்காலியில நான்தான் உக்காந்து பார்த்தேன்."

"மருந்துக்கு நான் கொடுத்தேனே மிஸ் நெட்டி. கேட்டப்பல்லாம்..."

"கொடுத்தே. இல்லேன்னு சொல்லல. கேட்டப்பல்லாம் கொடுத்தே. ஆனா கேக்கணும், இல்ல? ஒவ்வொரு தடவையும் கேக்கணும்." எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டினாள். "வா, வற்றம் வந்துட்டா ஆஷ்பி படகு மண்ணுல குந்திக்கும்."

தீர்ப்பு ஆகஸ்டில் வந்தது. நாலு பக்கம். தள்ளுபடிதான். எழுதினவர் பெயர்கூட இல்லை. வருந்துகிறோம் என்று ஓரிடத்திலும், ஆயினும் என்று ஆறு இடத்திலும் இருந்தது. வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. "மோசம் பண்ணிட்டாங்க மிஸ்டர் டைஸ். முன்னுதாரணமாகக் கொள்ளத்தக்கதல்லன்னு போட்டுட்டாங்க. இனிமே இதை யாரும் எங்கயும் மேற்கோள் காட்ட முடியாது." கூடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

லூ அந்த நாலு பக்கத்தையும் கூடத்தில் நின்று படித்துக் காட்டினாள். கைகள் நிற்காமல் ஏழு பெண்களும் கேட்டார்கள்.

"சரி, அப்ப நாங்க என்னவாம்?" என்றாள் ஒருத்தி. "வேலையாட்களா, இல்லையா?"

லூ கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பைத் தேடினாள். "அதை இப்ப முடிவு பண்ண வேண்டிய அவசியமில்லைன்னு எழுதியிருக்காங்க."

"இத்தனை பேரு படிச்சும்?"

செப்டம்பரில், நண்டு கொழுத்து நெய் வைக்கிற நாளில், வரித்துறையிலிருந்து இரண்டு பேர் ஆஷ்பியின் படகிலேயே வந்து இறங்கினார்கள். தன்மையான ஆட்கள். கொப்பரை ஆறும்வரை காத்திருந்தார்கள். மேசையில் கிடந்ததை முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்கள். பெண்கள் கடைசி டப்பாவை மூடி, கத்தியைத் துடைத்துப் பையில் போட்டு, அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மிஸ் நெட்டி இரண்டு நாற்காலி தூக்கினாள். யாரும் வாங்கிக்கொள்ள விடவில்லை. கதவில் தாளை ஒட்டிய ஆள் பலகையைப் பார்த்து, "மகன்களுக்கும் தகவல் கொடுக்கணுமே, எங்க இருக்காங்க?" என்று கேட்டான். லெவின், "இல்ல," என்றான். மகன்களே இல்லையா, ஊரில் இல்லையா என்று வந்த ஆள் மறுபடி கேட்கவில்லை.

அதன்பிறகு லெவின் இன்னொருத்தன் படகில் சிப்பி அள்ளப் போனான். விடிகாலை நாலரைக்கு வரச் சொன்னால் வந்தான். அந்தப் பக்கம் நில் என்றால் நின்றான். கூலியில் வரியும் பென்ஷனும் பிடித்தார்கள்.

போகிறபோது அதிகாரிகள் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தார்கள். வழக்கு முடிந்துவிட்டதால் அந்த மூன்று வருஷத்துக்கு மட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வருஷத்துக்கு ஒன்று வீதம் சம்பளச் சீட்டு எழுதித் தர வேண்டும். அது அவர்களுடைய பென்ஷன் கணக்கில் ஏறும். ஏறி என்ன, பென்ஷன் வரப் பத்து வருஷக் கணக்கு வேண்டும். ஏழு பேருக்கு இருபத்தொன்று. ஒடெசாவுக்கு மூன்று.

"நான் எழுதட்டுமா?" என்றாள் லூ.

"வேணாம். நானே எழுதறேன்."

நாலு நாள் மத்தியானம் உட்கார்ந்து எழுதினான். ஆறு பேருடையதை லூ கொண்டுபோய்க் கொடுத்தாள். மிஸ் நெட்டியுடையதையும் ஒடெசாவுடையதையும் மேசையிலேயே வைத்துவிட்டாள். "இதை நீதான் கொண்டு போகணும் லெவின்."

அக்டோபர். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. மிஸ் நெட்டி அடுப்பில் சிப்பி சூப் வைத்திருந்தாள். பாலும் மிளகும் மணத்தன. கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற லெவின் அன்று தட்டினான். அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு தாள்களை வாங்கினாள். தன்னுடையதைப் பார்க்காமல் ஓரமாக வைத்தாள்.

"வேலை கொடுத்தவர், லெவின் டைஸ்," என்று வாய்விட்டுப் படித்தாள். "வேலை பார்த்தவர், ஒடெசா கார்பின். இது என்ன எழுத்து, நண்டு ஓடின மாதிரி?"

"நான்தான் எழுதினேன்."

"தெரியுது." மூன்று தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். மூன்றாவதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வேறு தாள் இருக்கிறதா என்று அவன் கையைப் பார்த்தாள். "மூணு வருஷம்தானா?"

"அவங்க அந்த மூணு வருஷத்தைத்தான் கேட்டாங்க மிஸ் நெட்டி."

"மிச்சம் முப்பத்தெட்டு வருஷம் அவ யாரா இருந்தா லெவின்?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள், பதிலுக்காகக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லெவின் தொப்பியைக் கழற்றினான். அடுப்பில் மூடி தடதடத்தது. அவள் அதை இறக்கப் போகவில்லை.

"என்கிட்ட வேலை பார்த்தா," என்றான்.

"எத்தனை வருஷம்?"

"நாப்பத்தொண்ணும்."

மிஸ் நெட்டி அலமாரியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். "எழுது."

"அது எங்கயும் செல்லாது மிஸ் நெட்டி. வக்கீலைக் கேட்டாலும்..."

"செல்லுமான்னு நான் கேட்டேனா? எழுது."

உட்கார்ந்து எழுதினான். மூன்றாவது தாளின் பின்பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக, கை அழுந்த. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கீழே கையெழுத்துப் போட்டான். அவள் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், உதடு அசைய, இரண்டு தடவை படித்தாள். மேசையைத் துடைத்து, கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு. ஆறிப்போகும்."

எதிரே உட்கார்ந்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.